ஓடற வரைக்கும் ஓடட்டும் அம்மணி

பேங்கில் ஓவர்டிராஃப்ட் கடன் கேட்டுப் போகிறவர்களுக்கெல்லாம் சிஎம்ஏ டேட்டா என்ற வருங்காலக் கணக்கைப் போட்டுக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. அடுத்த மூன்று வருஷத்தில் அவருக்கு விற்பனை எவ்வளவு ஏறும், மஞ்சள் குடோனில் எத்தனை நாள் தங்கும், புதுத் தறிக்குத் தேய்மானம் எவ்வளவு என்று, தறி வைத்திருப்பவரே யோசிக்காததையெல்லாம் யோசித்து எழுதி, கடைசியில் சீல் வைத்துக் கொடுப்போம். அதே ஆபீஸில், பதினான்கு பேர் உட்காரும் ஈரோட்டு ஆடிட்டர் ஆபீஸில், எந்தக் கணினி எப்போது படுக்கும், எந்த மென்பொருள் எந்த மாதம் ரினியூவலுக்கு வரும், அதற்குப் பணம் எங்கிருந்து எடுப்பது என்று ஒரு துண்டுச் சீட்டுகூட 2023 வரைக்கும் கிடையாது. ஊருக்குத்தான் உபதேசம்.

நான் இங்கே 2009இல் ஆர்ட்டிகிளாக, அதாவது சிஏ பயிற்சி மாணவியாக, சேர்ந்தவள். இப்போது பார்ட்னர். சீனியர் சாருக்கு எழுபது வயதாகப் போகிறது, இன்னும் பேலன்ஸ் ஷீட்டை பிரிண்ட் எடுத்து பென்சிலால் டிக் போட்டுத்தான் பார்ப்பார். கணினி மாற்ற வேண்டும் என்று எப்போது போய் நின்றாலும் ஒரே பதில்தான் வரும். "ஓடற வரைக்கும் ஓடட்டும் அம்மணி, இப்ப எதுக்கு?" தப்பு சொல்ல முடியாது. அவர் ஸ்கூட்டரும் இப்படித்தான் இருபத்திரண்டு வருஷம் ஓடியது.

2023 செப்டம்பர் 19, செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் பிள்ளையார் சதுர்த்தி லீவு. காலையில் வந்து மூலையில் இருக்கும் அந்தப் பெட்டியை ஆன் செய்தார்கள். நாங்கள் அதை சர்வர் என்றுதான் சொல்வோம், உண்மையில் அது 2015இல் அசெம்பிள் செய்து வாங்கிய சாதாரண டெஸ்க்டாப். டாலி என்ற கணக்கு மென்பொருளின் டேட்டா, கிளையண்ட் ஃபைல், ஒர்க்கிங் பேப்பர் எல்லாம் அதற்குள்தான். ஆன் ஆனது, டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். மறுநாள் 20ஆம் தேதி, மாதாமாதம் போடும் ஜிஎஸ்டி ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பிக்குக் கடைசி நாள். அதற்குப் பத்து நாளில் டாக்ஸ் ஆடிட் கடைசி நாள். பேக்கப் இருக்கிறதே என்று எக்ஸ்டர்னல் டிஸ்க்கை எடுத்துச் சொருகிப் பார்த்தால் கடைசித் தேதி ஜூலை 8 என்று இருந்தது. வாராவாரம் பேக்கப் எடுத்துக்கொண்டிருந்த ஆர்ட்டிகிள் பையன் ஜூலையில் பரீட்சைக்கு என்று போனவன் அப்படியே நின்றுவிட்டான். அவன் வேலையை யாரிடமும் யாரும் சொல்லவில்லை. எனக்கே அது அன்றைக்குத்தான் தெரியும்.

கோயம்புத்தூரில் டேட்டா மீட்டுக் கொடுக்கிறவரிடம் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனது, அவர் 28,000 கேட்டது, நாலு நாள் கழித்து முக்கால்வாசி வந்தது, மீதியைக் கிளையண்டுகளிடம் "உங்க டாலி பேக்கப்பை ஒரு தடவை அனுப்பி வைங்க" என்று அசடு வழியக் கேட்டு வாங்கியது, இதையெல்லாம் நீட்டிச் சொல்ல ஆசையில்லை. கணக்கை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் பட்ஜெட் அங்கேதான் பிறந்தது. சம்பளச் செலவை வேலை நாட்களால் வகுத்தால் எங்கள் ஆபீஸுக்கு ஒரு நாள் சுமார் 10,000 ரூபாய். மூன்றரை நாள் யாரும் உருப்படியாக வேலை செய்யவில்லை, அது 35,000. மீட்டவருக்கு 28,000. அவசரத்துக்கு வாங்கிய புதுப் பெட்டி, அன்றைக்குக் கடையில் எது கையிருப்பில் இருந்ததோ அது, பேரம் இல்லாமல் 52,000. 3பி தாமதமான கிளையண்டுகளுக்கு நாளுக்கு 50 ரூபாய் லேட் ஃபீயும் 18 சதவீத வட்டியும் நாங்களே கட்டினோம், அது பெரிய தொகை இல்லை. பெரிய தொகை வேறு. பதினோரு வருஷமாக எங்களிடம் இருந்த ஒரு கிளையண்ட், ஒரு வார்த்தை கோபமாகப் பேசாமல், அடுத்த ஏப்ரலில் ஃபைலை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் வருஷத்துக்குக் கொடுத்த ஃபீஸ் 60,000.

ஐயாயிரம் ரூபாய் ஹார்ட் டிஸ்க் ஒன்றை 2019இலேயே மாற்றியிருந்தால் இது எதுவும் இல்லை.

சீசன் எல்லாம் முடிந்து டிசம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஒரு லாங் சைஸ் நோட்டை எடுத்துக்கொண்டு ஆபீஸைச் சுற்றி வந்தேன். ஒவ்வொரு மேஜையிலும் நின்று என்ன பெட்டி, எந்த வருஷம் வாங்கியது, உள்ளே எவ்வளவு ராம், விண்டோஸ் எது, அதற்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று எழுதினேன். கடைசிக் கேள்விக்குப் பாதி மேஜையில் பதில் இல்லை. அசெம்பிள் செய்து கொடுத்தவர் "எல்லாம் போட்டுக் கொடுத்திடறேங்க்கா" என்று சொன்னாரே, அந்த எல்லாம்தான். ஊரார் கணக்கில் ஓட்டை தேடிக் கையெழுத்துப் போடுகிற ஆபீஸ் இது. நோட்டில் அந்தப் பக்கத்தை எழுதும்போது எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது, முதல் வருஷ பட்ஜெட்டில் நாலில் ஒரு பங்கு அந்தக் கூச்சத்தைத் துடைக்கவே போனது.

நெட்டில் தேடினால் வருமானத்தில் இத்தனை சதவீதம் டெக்னாலஜிக்கு ஒதுக்குங்கள் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். எங்களுக்கு அது உதவவில்லை. சதவீதம் போட்டால் ஒரு தொகை வரும், அந்தத் தொகைக்கும் மூலையில் டிக் டிக் என்று சத்தம் போடும் பெட்டிக்கும் என்ன சம்பந்தம்? நான் தலைகீழாகப் போனேன். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே அது எந்த மாதம் வேலையை நிறுத்தும் என்று ஒரு தேதி. கொஞ்சம் ஜோசியம்தான். ஆனால் பாதிப் பொருளுக்கு ஜோசியமே தேவையில்லை, தேதி கம்பெனிக்காரனே அறிவித்திருப்பான்.

விண்டோஸ் 10ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2025 அக்டோபர் 14உடன் இலவசப் பாதுகாப்பு அப்டேட் நின்றது. இது திடீரென்று வந்தது இல்லை, வருஷக்கணக்காகத் தெரிந்த தேதி. விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் வேண்டும். என் நோட்டின்படி ஆறு பெட்டி அதில் தேறவில்லை. கணினி பார்க்க வரும் தம்பி "அதிலயும் பதினொண்ணு ஏத்திடலாங்க்கா, ஒரு வழி இருக்கு" என்றான். இருக்கிறது, எனக்கும் தெரியும். நாளைக்கு ஒரு அப்டேட்டில் அது நின்றால், நிற்பது எங்கள் ஆபீஸில், செப்டம்பர் 29ஆம் தேதியாகத்தான் இருக்கும்.

இன்னொரு வழி காசு கட்டி அப்டேட் வாங்குவது. நிறுவனங்களுக்கு முதல் வருஷம் ஒரு கணினிக்கு 61 டாலர், இரண்டாம் வருஷம் அது இரட்டிப்பு, மூன்றாம் வருஷம் அதற்கும் இரட்டிப்பு. முதல் வருஷம் கட்டாமல் இரண்டாம் வருஷம் போய்ச் சேர்ந்தாலும் முதல் வருஷத்துக்கும் சேர்த்துத்தான் வாங்குவார்கள். டாலருக்கு 90 ரூபாய் என்று போட்டால் முதல் வருஷம் சுமார் 5,500. மூன்று வருஷமும் கட்டினால் 427 டாலர், அதாவது 38,000க்கு மேல், வரி தனி. ஒன்பது வருஷப் பழைய பெட்டிக்கு! ஆனால் முதல் வருஷத்து 5,500 மட்டும் எனக்கு மோசமாகத் தெரியவில்லை. ஆறையும் ஒரே வருஷத்தில் மாற்ற எங்களிடம் காசு இல்லை. அதனால் 2025இல் மூன்று புதிது, மீதி மூன்றுக்கு ஒரு வருஷம் மட்டும் காசு கட்டி மூச்சு வாங்கிக்கொள்வது, அந்த மூன்றும் 2026 செப்டம்பருக்குள் வெளியே. இதில் தவணை கிடைத்ததே தேதி முன்கூட்டித் தெரிந்ததால்தான்.

செப்டம்பர் என்று ஏன் சொல்கிறேன் என்றால், இங்கே எங்கள் சொந்தத் தொழிலே கொஞ்சம் உதவுகிறது. கணினிக்கும் அதோடு வரும் மென்பொருளுக்கும் வருமான வரியில் தேய்மானம் 40 சதவீதம். ஆனால் வாங்கிய வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவாக உபயோகித்திருந்தால் அதில் பாதிதான். மார்ச் 31இலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டு வந்தால் அக்டோபர் 3 வரும். எத்தனை கிளையண்டுகள் மார்ச் கடைசி வாரத்தில் ஃபோன் செய்து "டாக்ஸ் குறையுமில்லீங்க, ரெண்டு லேப்டாப் வாங்கிப் போட்டுடட்டுங்களா?" என்று கேட்டிருப்பார்கள்! ஒரு லட்சத்துக்கு வாங்கினால் அந்த வருஷத் தேய்மானம் 20,000. பார்ட்னர்ஷிப் ஃபர்முக்கு செஸ்ஸோடு 31.2 சதவீதம் என்றால் மிச்சமாகும் வரி 6,240 ரூபாய். ஆறாயிரம் மிச்சம் பிடிக்க ஒரு லட்சம் செலவு. அதே பொருளை செப்டம்பரில் வாங்கியிருந்தால் 12,480. தேவையான பொருள் என்றால் செப்டம்பர், தேவையில்லாத பொருள் என்றால் மார்ச்சும் வேண்டாம். ஆனால் செப்டம்பர் எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத மாதம், அந்தச் சமயத்தில் பழைய பெட்டியிலிருந்து புதியதற்கு மாறுவது தற்கொலை, ஆகவே எங்கள் வாங்குமாதம் ஜூன் என்று எழுதிவிட்டேன். ஜூனில் ஆபீஸ் கொஞ்சம் காற்று வாங்கும்.

ஜிஎஸ்டியிலும் ஒன்று. 50,000 ரூபாய் லேப்டாப்புக்கு 9,000 வரி. அந்த ஒன்பதாயிரம் எங்களுக்கு இன்புட்டாக, அதாவது நாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழிந்து, திரும்பி வந்துவிடும் என்பதால் பட்ஜெட்டில் 50,000 என்றுதான் எழுதுகிறேன், கையில் பணம் 59,000 வேண்டும் என்பது வேறு விஷயம். அந்த வரியையும் சேர்த்துத் தேய்மானம் போட்டால் இன்புட் எடுக்க முடியாது, எங்கள் பசங்களுக்கே இதைப் பத்து தடவை சொல்லியாயிற்று. பில்லில் ஃபர்மின் ஜிஎஸ்டி நம்பர் இருக்க வேண்டும். ஆன்லைனில் தன் சொந்தக் கணக்கில் மவுஸ், கீபோர்டு, அடாப்டர் என்று வாங்கிவிட்டு ரசீதை என் மேஜையில் வைக்கும் பழக்கம் எல்லோருக்கும் இருந்தது. ஒரு வருஷ ரசீதுகளைக் கூட்டிப் பார்த்தேன், போன இன்புட் மட்டும் 4,000 சொச்சம். இப்போது ஃபர்ம் பெயரில் ஒரே கணக்கு, பாஸ்வேர்டு என்னிடமும் ஆபீஸ் மேனேஜர் அக்காவிடமும்தான். வெளிநாட்டுக் கம்பெனி ஜிஎஸ்டி போடாமல் பில் கொடுத்தால் ரிவர்ஸ் சார்ஜில் நாமே 18 சதவீதம் ரொக்கமாகக் கட்டி அப்புறம் இன்புட் எடுக்க வேண்டும். அதோடு டாலர் விலை, கார்டுக்காரன் எடுக்கும் மார்க்அப். மாதம் பத்து டாலர் என்று பார்த்தால் சின்னதாகத்தான் தெரியும்.

உண்மையில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது கணினி விலை இல்லை, ரினியூவல்கள். டாலி, ரிட்டர்ன் போடும் மென்பொருள், மெயில், ஆண்டிவைரஸ், டொமைன், இரண்டு இன்டர்நெட் லைன், கணினித் தம்பியின் வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதம், ஒவ்வொருவர் மெயிலுக்கு நினைவூட்டல் போகிறது, ஒவ்வொருவர் கார்டில் பிடிக்கிறது. எல்லாவற்றையும் ஒரே தாளில் கூட்டினால் வருஷத்துக்குப் புதுக் கணினி வாங்குவதைவிட அதிகம். யாருக்குமே தெரியாது, ஏனென்றால் ஒரு செலவும் சார் மேஜைக்கு மொத்தமாகப் போனதில்லை. கணினிக்கு 48,000 என்றால் முகத்தைச் சுளிப்பவர், மாதம் 15,000 சொட்டுச் சொட்டாகப் போவதைக் கேட்டதே இல்லை. மெயிலுக்கு வருஷ ஒப்பந்தம் போட்டுவிட்டு மாதாமாதம் கட்டினால் 5 சதவீதம் கூடுதல் என்று மைக்ரோசாஃப்ட் 2025 ஏப்ரலில் கொண்டுவந்தது, நாங்கள் மாதாமாதம்தான் கட்டிக்கொண்டிருந்தோம். ஒரேயடியாகக் கட்ட மாற்றினோம், ஆனால் கட்டும் முன்னால் எத்தனை பேருக்கு மெயில் இருக்கிறது என்று எண்ணினால் பத்தொன்பது. இருப்பது பதினான்கு பேர். ஐந்து ஆவிகளுக்குச் சந்தா கட்டியிருக்கிறோம்.

அப்புறம் டொமைன். எங்கள் வெப்சைட் பெயர், மெயில் முகவரியில் @க்குப் பின்னால் வருகிற அந்தப் பெயர், 2014இல் இங்கிருந்த ஒரு ஆர்ட்டிகிள் பையனின் சொந்த மெயிலில் பதிவாகியிருந்தது. அவன் இப்போது துபாயில். ஓடிபி அவனுடைய பழைய நம்பருக்குப் போகும், அந்த நம்பர் இப்போது யாரிடம் இருக்கிறதோ. நல்ல பையன், ஃபோன் செய்ததும் உதவினான், இரண்டு வாரம் ஆனது. சண்டை போட்டுக்கொண்டு போனவனாக இருந்திருந்தால்? அதனால் என் தாளில் விலை, தேதி இரண்டுக்கும் பக்கத்தில் இன்னொரு கட்டம் சேர்ந்தது: இது யார் பெயரில் இருக்கிறது, ஓடிபி யார் ஃபோனுக்கு வரும். இதை எந்தப் பட்ஜெட் மாதிரித் தாளிலும் நான் பார்க்கவில்லை. இப்போது ஆபீஸுக்கென்று ஒரு சாதா ஃபோன், அதில் ஒரு சிம், அக்காவின் மேஜை டிராயரில். அந்த சிம்முக்கு ரீசார்ஜ் செய்வதும் பட்ஜெட்டில் ஒரு வரி.

டிஎஸ்சி டோக்கன்களை, அதாவது டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் பென்டிரைவ் மாதிரிப் பொருள்களை, எந்தத் தலைப்பில் போடுவது என்று இன்னமும் எனக்குக் குழப்பம். கிளையண்டுகளின் கையெழுத்து, காசும் அவர்களுடையது, ஆனால் டப்பா டப்பாவாக எங்கள் அலமாரியில்தான் கிடக்கிறது. சட்டப்படி அந்தக் கையெழுத்து அவரவர் கையில்தான் இருக்க வேண்டும் என்று எல்லா ஆடிட்டருக்கும் தெரியும், எல்லா ஆபீஸிலும் டப்பா இருக்கிறது. அதற்கு மேல் பேச வேண்டாம்.

டாலி விஷயத்தில் நம் இஷ்டம் என்று ஒன்றும் இல்லை. கம்பெனிகள் தங்கள் கணக்கு மென்பொருளில் யார் எப்போது எந்த என்ட்ரியைத் திருத்தினார்கள் என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆடிட்டர் அதைப் பற்றித் தன் ரிப்போர்ட்டில் எழுதவும் வேண்டும். கிளையண்டுகள் ஒவ்வொருவராகப் புது வெர்ஷனுக்குப் போனார்கள், புது வெர்ஷன் டேட்டாவைப் பழைய டாலி ஈஆர்பி 9இல் திறக்க முடியாது, ஆக நாங்களும் போனோம். இந்த மாதிரி அரசாங்கம் தள்ளுகிற செலவுகளை முன்கூட்டிப் பிடிப்பது கஷ்டம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. 2025ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும் என்பது சட்டம் வந்த நாளிலிருந்தே தெரியும். பிரிவு எண்ணெல்லாம் மாறுகிறது, படிவங்கள் மாறுகின்றன. ரிட்டர்ன் மென்பொருள் வரியில் பத்து சதவீதம் கூட்டி எழுதினேன், அதைவிட முக்கியமாக, ஏப்ரலில் நாலு சனிக்கிழமை மத்தியானம் யாரும் கிளையண்ட் வேலை பார்க்கக் கூடாது, உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்று அதையும் ரூபாயாக மாற்றி எழுதினேன். ஆர்ட்டிகிள்ஷிப் இப்போது மூன்று வருஷம் இல்லை, 2023 ஜூலையிலிருந்து இரண்டே வருஷம். பழகி முடிப்பதற்குள் போய்விடுகிறார்கள், புதிதாக வருகிறவர்களுக்கு மறுபடி ஆரம்பம். பயிற்சிக்குச் செலவில்லை என்று நினைக்கிற ஆபீஸ்கள் அந்தச் செலவைத் தப்பு ரிட்டர்னாகக் கட்டிக்கொண்டிருக்கின்றன.

பேக்கப்புக்கு வருகிறேன். அடி வாங்கியது அங்கேதான் என்பதால் அதற்கு மட்டும் தாராளமாக ஒதுக்கியிருக்கிறேன். ஆபீஸில் இரண்டு டிஸ்க் போட்ட ஒரு ஸ்டோரேஜ் பெட்டி, தினமும் ராத்திரி தானாக எடுக்கும். இன்னொரு பிரதி கிளவுடில். மூன்றாவது ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க், வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்து என் வீட்டுப் பீரோவுக்குப் போகும், திங்கட்கிழமை திரும்பும். மூன்றா என்று சார் கேட்டார். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தில் என்னோடு படித்தவள் ஒருத்தியின் ஆபீஸ் தரைத்தளத்தில் கழுத்தளவு தண்ணீர். கணினியும் பேக்கப் டிஸ்க்கும் ஒரே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, இரண்டும் சேர்ந்தே நனைந்தன. 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் வந்தபோது, எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் கழற்றாமல் சொருகியே வைத்திருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டியது. ஈரோட்டில் வெள்ளம் வராது என்பார்கள், மூன்றாம் மாடி என்பார்கள், சரி, எங்கள் மாடிக்கு மேலே தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. ஒர்க்கிங் பேப்பர் ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டிய தொழில் இது.

இதில் காசே ஆகாத ஒரு வரிதான் பெரிய வரி. மாதத்தின் முதல் சனிக்கிழமை, குலுக்கல் மாதிரி ஒரு கிளையண்ட் பெயரை எடுத்து, பேக்கப்பிலிருந்து அந்த டேட்டாவை வேறொரு கணினியில் திறந்து காட்ட வேண்டும். முதல் மாதமே திறக்கவில்லை. எட்டு மாதமாக ஒரு ஃபோல்டர் விட்டுப் போயிருந்தது தெரிந்தது.

பேட்டரியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. யூபிஎஸ் பேட்டரி எங்கள் வெயிலுக்கு மூன்று வருஷம், போனால் நாலு. 2012இல் சென்னைக்கு வெளியே மணிக்கணக்காகக் கரண்ட் இல்லாமல் கிடந்த காலத்தில், ஊரே இன்வெர்ட்டருக்கு வரிசையில் நின்றபோது, நாங்களும் சொன்ன விலைக்கு வாங்கினோம். அதன் பேட்டரிகள் எல்லாம் ஒரே நாளில் வாங்கியவை, அதனால் ஒரே மாதத்தில் செத்தன, மறுபடி எல்லாம் ஒன்றாக வாங்கினோம், மறுபடி 2019இல் ஒன்றாக. இந்தத் தடவை வேண்டுமென்றே பாதியை ஒரு வருஷம் முன்னாலேயே மாற்றினேன். பழைய பேட்டரிக்கு எக்ஸ்சேஞ்சில் நல்ல விலை கிடைக்கிறது, அதையும் வரவில் எழுத மறக்கக் கூடாது. எங்கள் ஆபீஸில் பழைய பேட்டரி விற்ற காசு காலங்காலமாக டீக் கணக்கில் போய்க்கொண்டிருந்தது.

லாபமாக முடிந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மெதுவாக இருக்கிறது என்று புலம்பிய கணினிகளில் நாலு, விண்டோஸ் 11க்குத் தேறுகிறவைதான், உள்ளே பழைய சுழலும் டிஸ்க்கும் நாலு ஜிபி ராமும். எஸ்எஸ்டி போட்டு ராம் கூட்டினோம், ஒன்றுக்கு ஐயாயிரத்துக்குள். இரண்டு மூன்று வருஷ ஆயுள் கூடியது. 2024இல் செய்ததால் தப்பித்தோம், 2025 கடைசியில் ராம் விலை எகிறியபோது அதே தம்பி கொடுத்த கொட்டேஷன் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. இந்த வருஷத்துத் தாளில் கணினி விலையை அதனால் கொஞ்சம் உயர்த்தியே வைத்திருக்கிறேன்.

சாரின் பேரன் ஏஐ எல்லோருக்கும் வாங்கிக் கொடுங்கள் என்கிறான். ஆளுக்கு மாதம் 20 டாலர் என்றால் பதினான்கு பேருக்கு வருஷத்துக்கு 3,360 டாலர், மூன்று லட்சம் ரூபாய். எங்கள் மொத்தத் தாளே ஆறு லட்சத்துச் சொச்சம்தான். இரண்டு பேருக்கு மட்டும் ஆறு மாதம் என்று போட்டிருக்கிறேன், அதுவும் கிளையண்ட் பெயர், பான் நம்பர் எதையும் உள்ளே போடக் கூடாது என்ற கண்டிப்போடு. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன, பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசம், பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி வரை போகலாம். அவ்வளவு எங்களுக்குப் போட மாட்டார்கள், ஆனால் எங்கள் பசங்களின் சொந்த வாட்ஸ்அப்பில் கிடக்கிற ஆதார் ஃபோட்டோக்களை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அதைச் சுத்தம் செய்ய இந்த வருஷம் காசு ஒதுக்கவில்லை, நாள் ஒதுக்கியிருக்கிறேன். அநேகமாகப் போதாது.

போன வாரம் தாளை சார் முன்னால் வைத்தேன். பிரிண்ட் எடுத்துத்தான். பென்சிலை எடுத்தார். கணினி மூன்று, டிக். ரினியூவல், மொத்தத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் டிக். இரண்டாவது இன்டர்நெட் லைனை அடித்தார். "ஒண்ணு போனா செல்ஃபோன்ல போட்டுக்குவாங்க அம்மணி." நான் விட்டுக்கொடுத்தேன், அது அடிபடட்டும் என்றுதான் மேலே வைத்திருந்தேன். மொத்தத்தைப் பதினான்கால் வகுத்து, பன்னிரண்டால் வகுத்து, ஒரு நாற்காலிக்கு மாதம் 3,600 ரூபாய் என்று கீழே எழுதியிருந்தது அவருக்குப் பிடித்திருந்தது. புதிதாக ஒரு ஆளைச் சேர்க்கும்போது சம்பளத்தோடு இதையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும் என்று அவரே சொன்னார்.

கடைசி வரியில் பென்சில் நின்றது. "என்ன இது, தெரியாதது 50,000? தெரியாததுக்கு எப்படி அம்மணி காசு ஒதுக்கறது?"

போன வருஷமும் அந்த வரி இருந்தது, அவர் கவனிக்கவில்லை. நான் செலவு வவுச்சரைக் காட்டினேன். ஜனவரியில் ஒரு நாள் பாதி ஆபீஸுக்கு நெட்வொர்க் இல்லை, தம்பி வந்து ஃபால்ஸ் சீலிங்கைத் திறந்து பார்த்தால் எலி கேபிளைக் கடித்து வைத்திருந்தது. கேபிள், பைப், கூலி சேர்த்து 7,400. பணம் இருந்தது, மத்தியானத்துக்குள் முடிந்தது, யாரும் யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

வவுச்சரைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார். "எலிக்கு ஏழாயிரத்து நானூறா" என்றார். பிறகு டிக் போட்டார்.